எண்ணாயிரத்தில் ஒன்று

கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 19 கிராம் குளோரைட்டு இருக்கிறது. சல்பேற்று 2.7 கிராம், புரோமைட்டு 67 மில்லிகிராம். புளோரைட்டோ வெறும் 1.3 மில்லிகிராம். திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் அள்ளும் நீருக்கும் இதே கணக்குத்தான். மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் நன்னீரைக் கொட்டும்போது எல்லா எண்களும் சற்று இறங்கும். அவற்றுக்கிடையிலான விகிதம் பெரிதாக மாறாது. அணுத்திணிவால் வகுத்துப் பார்த்தால், ஒரு புளோரைட்டு அயனைச் சுற்றி ஏறத்தாழ 8000 குளோரைட்டு அயன்கள் நிற்கின்றன.

அந்த எண்ணாயிரத்தையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைச் செய்ய முடியுமா? அரை நூற்றாண்டுக்கு மேலாக வேதியியலாளரை வாட்டும் கேள்வி இது. எதிர்மின்னேற்றமுள்ள அயன்களை அனயன் என்று பாடசாலையிலேயே படிக்கிறோம். குறித்த ஓர் அனயனைத் தெரிந்து பிணைக்கும்படி ஆய்வுகூடத்தில் வடிவமைக்கப்படும் மூலக்கூறே செயற்கை வாங்கி. நம் உடலில் அனயன்களுக்குக் குறைவில்லை. மரபணு இழையின் முதுகெலும்பு பொசுபேற்று. கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பீ. ஓர் அனயன். குருதியின் காரத்தன்மையைக் காப்பது இருகாபனேற்று. அங்கும் குளோரைட்டின் ஆட்சிதான். ஒரு லீற்றர் குருதிப் பாயத்தில் குளோரைட்டு சுமார் 100 மில்லிமோல். பொசுபேற்று ஒரு மில்லிமோலை ஒட்டியே இருக்கும். ஆகவே உடலுக்குள் வேலை செய்ய வேண்டிய எந்த வாங்கிக்கும் உப்பு நீரே பரீட்சை மண்டபம். இத்துறையில் வெளியாகும் கட்டுரைகளில் கணிசமானவை அந்த மண்டபத்துக்குள் நுழைவதே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இது நமக்கு எட்டாத விவகாரமன்று. உப்புவெளியின் கரையோரக் கிணறுகளில் மணலுக்கடியில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்பு நீரின்மேல் மிதக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையெங்கும் கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவு செய்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு நீர் மேலேறி நிலைமையைக் கெடுத்தது. இந்த உப்பைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், நாக்கே சொல்லிவிடும். எண்ணாகத் தெரிய வேண்டுமானால் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை வைத்து உயர்தர மாணவரே அளந்துவிடுவார்.

உள்நாட்டுப் பக்கம் போனால் கதை வேறு. வறண்ட வலயத்தின் பழம்பாறைகளில் உள்ள மைக்கா, அபற்றைட்டு போன்ற கனியங்கள் சிதையும்போது புளோரைட்டு நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஈர வலயத்தில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இங்கே வெயில் நீரை உறிஞ்சி அதைச் செறிவாக்குகிறது. இந்தப் பரம்பலை திசாநாயக்கவும் வீரசூரியவும் 1986இல் வெளியிட்ட இலங்கையின் நீர்ப்புவி இரசாயன வரைபடத் தொகுப்பு தெளிவாகக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கடல்நீரே புளோரைட்டுப் பரீட்சையில் தேறிவிடும், உள்நாட்டுக் கிணறுகள் பல தேறா என்பது வேடிக்கையான உண்மை. எல்லை தாண்டினால் பிள்ளைகளின் பற்களில் முதலில் சுண்ண வெண்மைத் திட்டுகளும் பிறகு கபிலக் கறையும் விழும். மிக அதிகமாக, நீண்ட காலம் உட்சென்றால் எலும்பு இறுகி முதுகு வளையும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த எலும்பு நோயைக் கண்டு 1937இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வட மத்திய மாகாணத்தை வாட்டும், காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய் திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவையும் தொட்டிருக்கிறது. அங்கும் சந்தேகப் பட்டியலில் நீரின் கடினத்தன்மையோடு புளோரைட்டும் உண்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இந்த அனயனுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்தச் செறிவில் ருசியுமில்லை. நாக்கு இங்கே உதவாது.

சரி, பிடிப்பதில் என்ன சிரமம்? நேர்மின் அயன்களை, அதாவது கற்றயன்களைப் பிடிப்பது ஒப்பீட்டளவில் இலகுவாக அமைந்தது. அமெரிக்காவின் டியூபொன்ட் கம்பனியில் வேலை செய்த சார்ள்ஸ் பெடர்சன் 1967இல் கிரீட ஈதர்களை அறிவித்தார். ஒட்சிசன் அணுக்கள் உள்நோக்கி நிற்கும் வளையம் அது. பொற்றாசியம் போய் நடுவில் அமர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டே அதே கம்பனியின் பார்க், சிமன்ஸ் இருவரும் குளோரைட்டை உள்ளே அடைக்கும் கூடொன்றை அறிவித்தார்கள். இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் வயது வித்தியாசம் ஒரு வருடம்தான். ஆனால் கற்றயன் வேதியியல் மளமளவென்று வளர்ந்து 1987இல் பெடர்சன், கிராம், லேன் மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது. அனயன் பக்கம் ஜோன்-மேரி லேன் போன்ற சிலர் உழைத்தும் நெடுங்காலம் மந்தமாகவே நகர்ந்தது.

காரணத்தைச் சில எண்களில் காட்டலாம். பொற்றாசிய அயனின் ஆரை 138 பிக்கோமீற்றர். புளோரைட்டின் ஆரை 133. பருமனில் இரட்டையர். ஆனால் நீரிலிருந்து பிரித்தெடுக்கப் பொற்றாசியத்துக்கு மோலுக்கு 295 கிலோயூல் செலவாகும், புளோரைட்டுக்கு 465. சல்பேற்றுக்கோ ஆயிரத்தைத் தாண்டும். நீர் மூலக்கூறுகள் தங்கள் ஐதரசன் முனைகளால் அனயனை இறுக அணைத்திருக்கின்றன. வாங்கி அந்த அணைப்பை விட வலுவான ஒன்றைத் தர வேண்டும், இல்லையேல் பண்டம் கைமாறாது. இதற்கு மேலே வடிவச் சிக்கலும் இருக்கிறது. குளோரைட்டு உருண்டை, நைத்திரேற்று தட்டை முக்கோணம், சல்பேற்றும் பொசுபேற்றும் நான்முகி. பொசுபேற்று நீரின் அமில காரத்துக்கேற்பத் தன் புரோத்தன்களை இழந்தும் ஏற்றும் மின்னேற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஓடுகிற இலக்கு.

இயற்கை இதைத் தீர்த்துவிட்டது. எப்படி என்று பார்த்தபோது வேதியியலாளர் பலர் வாயடைத்துப் போனார்கள். பக்ரீரியாக்கள் சல்பேற்றை ஒரு புரதத்தாலும் பொசுபேற்றை இன்னொரு புரதத்தாலும் பிடித்து உள்ளே எடுக்கின்றன. 1985இல் புளோரன்டே கியோச்சோவின் குழு சல்பேற்றுப் புரதத்தின் பளிங்கு அமைப்பை வெளியிட்டது. எதிர்மின் அயனைப் பிடிக்க நேர்மின் குழுக்கள் நிற்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே ஒன்றுகூட நேரே தொடவில்லை. நீரும் இல்லை. ஏழு ஐதரசன் பிணைப்புகள், அவ்வளவுதான். 1990இல் பொசுபேற்றுப் புரதம் வந்தது: பன்னிரண்டு ஐதரசன் பிணைப்புகள், கூடவே ஒரு தந்திரம். குழியின் சுவரில் அஸ்பாற்றேற்று என்ற எதிர்மின் குழு நிற்கிறது. எதிர்மின் விருந்தாளி வரும் இடத்தில் எதிர்மின் காவலாளி! காரணம் இருக்கிறது. உடல் நிலையில் பொசுபேற்று ஒரு புரோத்தனையாவது சுமந்து வரும், சல்பேற்றிடம் அது இராது. புரோத்தனைக் கொண்டுவந்தவர் காவலாளியோடு பிணைந்து உள்ளே போகிறார். வெறுங்கையோடு வந்த சல்பேற்று விலக்கப்படுகிறது. இந்த ஒரே ஏற்பாட்டால் பொசுபேற்றும் சல்பேற்றும் இலட்சம் மடங்கு வேறுபடுத்தப்படுகின்றன. பருமனும் வடிவமும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கும் இரண்டை இப்படிப் பிரிக்கும் செயற்கை வாங்கி இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

இதைவிடக் கடினமான பரீட்சை பொசுபேற்றையும் ஆசனேற்றையும் பிரிப்பது. இரண்டிலும் புரோத்தன் உண்டு, பருமனில் சொற்ப வித்தியாசம். 2012இல் டான் தவ்பிக் குழுவினர் காட்டியதன்படி, பொசுபேற்றைவிட 500 மடங்கு அதிகமாக ஆசனேற்று இருந்தாலும் இப்புரதங்கள் ஏமாறுவதில்லை. சற்றே பெரிதான ஆசனேற்று உட்கார்ந்தால் ஒரேயொரு ஐதரசன் பிணைப்பின் கோணம் திரிகிறது, அதுவே போதுமாம்.

செயற்கைப் பக்கம் திரும்பினால் ஓர் அழகான தாமதக் கதை கிடைக்கிறது. 1886இல் ஜேர்மன் வேதியியலாளர் அடொல்ப் வொன் பேயர் பிரோல் என்ற பொருளையும் அசற்றோனையும் அமிலத்தோடு சேர்த்து ஒரு வெண்ணிறப் பளிங்கைப் பெற்றார். நான்கு பிரோல் வளையங்கள் கோத்த பெருவளையம் அது. செய்வது சுலபம், செலவும் குறைவு. ஆனாலும் 110 ஆண்டுகள் அது அனயனைப் பிடிக்கும் என்று யாரும் சோதிக்கவில்லை. 1996இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் செஸ்லரும் பிலிப் கேலும் சகாக்களும் அதைக் கையிலெடுத்தார்கள். அனயன் வந்ததும் நான்கு வளையங்களும் ஒரே பக்கம் திரும்பிக் கிண்ணமாகி, நான்கு நைதரசன்-ஐதரசன் முனைகளாலும் புளோரைட்டையோ குளோரைட்டையோ ஏந்திக்கொண்டன. காலிக்ஸ்பிரோல் என்ற பெயரில் இன்று இது இத்துறையின் பாலபாடம். போத்தல் எப்போதோ தட்டில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் பிந்தி வந்தது.

பிடித்தால் மட்டும் போதாது, பிடித்ததாகச் செய்தி சொல்ல வேண்டும். இந்தச் செய்தி சொல்லும் கலையின் ஒரு முக்கிய வேர் கொழும்பில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, கொழும்பிலேயே விரிவுரையாளராக இருந்தவர் ஏ. பிரசன்ன டி சில்வா. அவரும் ரூபசிங்கவும் 1985இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று ஒளிரும் உணரிகளுக்குத் தெளிவான வரைபடத்தைத் தந்தது. மூலக்கூறை மூன்று பாகமாகக் கட்டு: ஒளிரும் பாகம், வாங்கிப் பாகம், இரண்டையும் பிரித்து நிற்கும் குட்டை இணைப்பு. வாங்கி வெறுமையாய் இருக்கும்போது அதிலுள்ள ஓர் இலத்திரன், ஒளியேற்ற பாகத்துக்குள் தாவி வெளிச்சத்தை அணைத்துவிடும். புரோத்தனோ சோடியமோ வந்து வாங்கியில் அமர்ந்தால் அந்த இலத்திரன் கட்டுப்பட்டுப் போகும். தாவல் நின்று வெளிச்சம் எரியும். இதன் பெருமை எதிர்வுகூறத்தக்க தன்மையில் இருக்கிறது. வாங்கியை மாற்றினால் இலக்கு மாறும், ஒளிரும் பாகத்தை மாற்றினால் நிறம் மாறும். குருட்டு அதிர்ஷ்டம் பொறியியலாக மாறிய இடம் அதுவென்பேன்.

1986இல் டி சில்வா பெல்பாஸ்ற் போனார். இந்த வரைபடத்தின்படி செய்த உணரிகள் குருதியிலுள்ள சோடியம், பொற்றாசியம், கல்சியத்தை அளக்கும் மருத்துவக் கருவியாகச் சந்தைக்கு வந்தன. 1993இல் நேச்சர் இதழில் அவரும் நிமல் குணரட்ணவும் கொலின் மக்கோயும் இரண்டு இலக்குகள் சேர்ந்து வந்தால் மட்டுமே ஒளிரும் மூலக்கூறொன்றை, அதாவது கணினித் தர்க்கம் செய்யும் மூலக்கூறொன்றை, அறிவித்தார்கள். அவரிடம் கலாநிதிப் படிப்பு முடித்த ஐஸ்லாந்துக்காரர் தோர்பினூர் குன்லாக்சன் 2001இல் டப்ளினிலிருந்து அதே வரைபடத்தை அனயனுக்குத் திருப்பினார். அந்திரசீன் ஒளிரும் பாகம், தயோயூரியா வாங்கி. அனயன் வந்தமர்ந்தால் வாங்கியின் இலத்திரன் வளம் கூடும், வெளிச்சம் மங்கும். கற்றயனுக்கு எரிகிற விளக்கு அனயனுக்கு அணைகிறது. கொழும்பு, பெல்பாஸ்ற், டப்ளின் என்று ஒரு சிந்தனை மூன்று நகரம் கடந்து வந்த வழி இது. நமது பாடநூல்கள் கண்டுகொள்ளாத வழியும் இதுவே.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ‘கண்ணால் பார்த்தே புளோரைட்டை அறியலாம்’ என்ற தலைப்புக் கட்டுரைகள் குவிந்துவிட்டன. இந்திய ஆய்வுகூடங்களின் பங்கும் அதில் பெரிது. பெரும்பாலும் ஒரே செய்முறை. வாங்கியை நீரிலன்றி, டைமெதில் சல்பொக்சைட்டு என்ற சேதனக் கரைப்பானில் கரைக்கிறார்கள். புளோரைட்டைச் சோடிய உப்பாகவன்றி, அத்தகைய கரைப்பானில் கரையும் கொழுத்த அமோனிய உப்பாகச் சேர்க்கிறார்கள். மஞ்சள் சிவப்பாகிறது. நீரின் அணைப்பு இல்லாத புளோரைட்டு அங்கே முரட்டுக் காரம். வாங்கிக்குள் அமர்வதற்குப் பதிலாக அதன் நைதரசனிலிருந்து புரோத்தனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. நிறம் மாறியது பிணைப்பாலன்று, புரோத்தன் இழப்பால். ஐதரொட்சைட்டைச் சேர்த்தாலும் அதே சிவப்பு வரும். சில துளி நீர் சேர்த்தால் பல வேளைகளில் நிறம் மறைந்துவிடும். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து லூய்ஜி பப்ரிட்சி இதை 2000களின் நடுப்பகுதியிலேயே ஐயத்துக்கு இடமின்றி விளக்கிவிட்டார். அதன் பிறகும் அதே வகைக் கட்டுரைகள் வந்தபடியே இருக்கின்றன.

இத்தனைக்கும் 1966இலேயே பிரான்ற், ரொஸ் என்ற இருவர் இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கொன்றை மின்வாயின் நுனியில் பொருத்தி, நீரில் நேரடியாகப் புளோரைட்டை அளந்தார்கள். குளோரைட்டு ஆயிரம் மடங்கு இருந்தாலும் அது சலனப்படுவதில்லை. தொந்தரவு செய்வது ஐதரொட்சைட்டு மட்டுமே, அதையும் சற்று அமிலமாக்கிச் சரிக்கட்டலாம். இன்றைக்கும் நீர் ஆய்வுகூடங்களின் வேலைக்குதிரை அதுதான். பளிங்கின் சாலகத்தில் புளோரைட்டுக்கென்றே அமைந்த இடம், பருமனில் மிஞ்சிய குளோரைட்டுக்குப் பொருந்துவதில்லை. புதிதாக ஒரு புளோரைட்டு வாங்கியை முன்வைப்பவர் முதலில் இந்தப் பளிங்கை வென்று காட்ட வேண்டும் என்று கேட்பது அநியாயமா?

நீரில் வென்றவையும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் என் வழக்கு ஒருபக்கமாகிவிடும். ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தின் பிரான்சுவா கபாய், இலத்திரன் குறையுள்ள போரன் அணுவுக்குப் பக்கத்தில் நேர்மின் குழுவொன்றை வைத்து, புளோரைட்டு நீரைவிட்டு அதை நாடிவரும்படி செய்தார். ஒக்ஸ்போர்ட்டின் போல் பியரின் குழு ஐதரசனுக்குப் பதில் அயடீன் அணுவின் மின்குறைந்த முனையைப் பயன்படுத்தி, 2014இல் நீரிலேயே அயடைட்டை வலுவாகப் பிணைத்தது. மாறாக, இந்தியானாவின் அமர் பிளட் 2019இல் செய்த குளோரைட்டுக் கூட்டின் பிணைப்பு மாறிலி 10இன் 17ஆம் அடுக்கு. மலைக்க வைக்கும் எண். ஆனால் அளந்த கரைப்பான் நீரன்று, இருகுளோரோமெதேன் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் ராடு குஸ்தெல்சீன் செய்தது. சல்பேற்றின் நீர் உறையை உரிப்பது ஆயிரம் கிலோயூல் வேலையென்றால், உரிப்பானேன்? குவானிடீனியம் குழுக்கள் இரண்டுள்ள எளிய மூலக்கூறொன்றை அவர் குழு கடல்நீரில் சேர்த்தது. சல்பேற்று தன்னோடு ஒட்டிய நீரையும் கூட்டிக்கொண்டு பளிங்காகப் படிந்தது. 2015இல் அறிவித்தபடி 99 வீதம் வெளியேறியது. குளோரைட்டு பாட்டுக்குக் கடல்நீரிலேயே கிடந்தது. பின்னர் அதே குடும்பத்து மூலக்கூறின் கரைசல் திறந்து கிடந்தபோது, காற்றின் காபனீரொட்சைட்டு காபனேற்றுப் பளிங்காக அதில் படியக் கண்டார்கள். கொல்கத்தாவில் பிரத்யுத் கோஷின் குழுவும் யூரியா வாங்கிகளால் காற்றிலிருந்து வந்த காபனேற்றைக் கூட்டுக்குள் அடைத்துக் காட்டியிருக்கிறது.

மருத்துவத்தில் நிலைமை இன்னும் படிப்பினை தருவது. கலத்தின் மென்சவ்வுக்கு ஊடாகக் குளோரைட்டைக் கடத்தும் சிறு மூலக்கூறுகளைச் செஸ்லர், கேல் போன்றோரும் பூனேயில் பினாகி தாலுக்தாரும் செய்துவருகிறார்கள். குளோரைட்டு வாயில் பழுதுபடும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோய்க்கு மாற்று வழி ஒரு கனவு. 2014இல் காட்டப்பட்டபடி கலத்துக்குள் குளோரைட்டைச் சுமந்து சென்று அதைத் தற்கொலைக்குத் தள்ளுவது இன்னொன்று. இரண்டும் ஆய்வுகூடக் கட்டத்திலேயே நிற்கின்றன. ஆனால் நோயாளிகள் அன்றாடம் விழுங்கும் செயற்கை அனயன் வாங்கியொன்று ஏற்கெனவே இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குருதியில் பொசுபேற்று ஏறாமல் தடுக்கச் சாப்பாட்டோடு கொடுக்கப்படும் செவலமர் மாத்திரைதான் அது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அமோனியக் குழுக்கள் நிறைந்த ஒரு பல்பகுதியம். குடலில் பொசுபேற்றைக் கவ்வி மலத்தோடு வெளியேறும். கியோச்சோவின் புரதத்தோடு ஒப்பிட்டால் முரட்டு வேலை. பித்த அமிலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். முதல் வடிவம் குளோரைட்டை விடுவித்து நோயாளியின் குருதியை அமிலப் பக்கம் தள்ளியதால், பிறகு காபனேற்று வடிவம் வந்தது. நேர்த்தி இல்லை, ஆனால் உப்பு மண்டபத்தில் எழுதித் தேறிய மாணவன். பதவி சிறிபுர போன்ற இடங்களின் சிறுநீரக நோயாளிகளுக்கு இன்று அர்த்தமுள்ள அனயன் வேதியியல் இதுவே.

திருகோணமலையில் கோணேசபுரியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கிறது. புதிய வாங்கியைத் தொகுக்கப் பெரும் பணம் வேண்டும்; தொகுத்ததைக் கடுமையாகச் சோதிக்க அவ்வளவு வேண்டாம். கரையில் கடல்நீர், சில கிலோமீற்றர் உள்ளே உவர்க் கிணறு, இன்னும் உள்ளே புளோரைட்டுக் கிணறு என்று மூன்று வகை நீரும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. உலகின் எந்த ஆய்வுகூடம் உரிமை கொண்டாடும் உணரியையும் இந்த மூன்றிலும் போட்டு, தோற்றால் தோற்றதென்று எழுதி வெளியிடலாம். அந்தத் தோல்விப் பட்டியலுக்கு இன்னொரு ‘கண்ணால் காணும் உணரி’யைவிட மதிப்பு அதிகம். இதழாசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் குளோரைட்டுச் சோதனை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பத் தொடங்கவேண்டும்.

கிணற்று நீர் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பிள்ளையின் நிரந்தரப் பற்களில் சுண்ண வெண்மையோ கபிலத் திட்டோ தெரிந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கொடுத்துப் புளோரைட்டு அளவைக் கேளுங்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்பவேண்டாம். கொதிப்பதில் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.